கரண்ட் போகும் கம்பியில் தகவலும் போகிறது: ஸ்மார்ட் மின்கட்டமைப்பின் பாதுகாப்பு, ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் முடிவெட்டும் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் கொஞ்ச நாளாக இதே பேச்சு. புது மீட்டரை எவனோ ஹேக் செய்து பில்லை ஏற்றிவிடுகிறான் என்கிறார் ஒருவர். மின்சாரக் காரை வெளியிடத்தில் சார்ஜ் போட்டால் வங்கிக் கணக்கே காலி என்கிறார் இன்னொருவர். "இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுகிறார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பயப்படத் தேவையில்லாததற்குப் பயந்து, கவனிக்க வேண்டியதை விட்டுவிடும்படி அது கலந்து கிடக்கிறது. ரப்பர் தோட்டத்தை விட்டு தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்த குடும்பங்களில், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று மின்சாரக் காரில் ஊருக்கு வருகிறார்கள். வாசலில் சார்ஜர் மாட்டலாமா என்ற கேள்வி அப்பா அம்மாவிடம் வந்து நிற்கிறது. பொறியியல் படிக்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

தோட்டத்து எஞ்சின் அறை

பழைய ரப்பர் தோட்டங்கள் பலவற்றில் வெளியிலிருந்து கரண்ட் வராது. தோட்டத்துக்கே ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கும். மாலையில் அதை ஓட்டுவார்கள், இரவு சில மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கையும் வானொலியையும் போட்டால் எஞ்சின் சத்தம் கனத்துப்போகும், விளக்கு மங்கும். எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கூடுதல் டீசல் விட்டு அதைச் சமாளிப்பார். திடீரென்று பாதி லயம் விளக்கை அணைத்துவிட்டால் எஞ்சின் துள்ளிக்கொண்டு வேகமெடுக்கும். அவர் உடனே இழுத்துப் பிடிப்பார்.

தீபகற்பம் முழுவதற்கும் மின்சாரம் தரும் கட்டமைப்பும் இதே விதியில்தான் ஓடுகிறது. உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் எண்ணுக்கு அதிர்வெண் என்று பெயர். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்னோட்டம் ஒரு நொடிக்கு 50 முறை திசை மாறித் திரும்பும் சுற்று. பயன்பாடு உற்பத்தியை மிஞ்சினால் மின் நிலையங்களில் சுழலும் பெரிய எந்திரங்கள் இம்மியளவு மெதுவாகும், எண் 50-க்குக் கீழே இறங்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறங்கினால், மொத்தமும் சாய்ந்துவிடாமல் இருக்கச் சில பகுதிகளின் மின்சாரத்தைத் தானியங்கிக் கருவிகள் துண்டித்துவிடும்.

அந்தச் சமநிலை குலைந்தால் என்ன ஆகும் என்பதை 1996 ஆகஸ்ட் 3 அன்று நம்மில் பலர் பார்த்தோம். திரெங்கானுவில் பாக்கா மின் நிலையத்துக்கு அருகே ஒரு மின்பாதை பழுதாகி, அடுத்தடுத்து எல்லாம் சரிந்து, தீபகற்பமே பல மணி நேரம் இருளில் கிடந்தது. அதில் எந்த ஹேக்கருக்கும் பங்கில்லை. கரண்ட் போனாலே "ஹேக் பண்ணிட்டானுங்க" என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. பழுது, மின்னல், கம்பியில் விழும் மரம் ஆகியவைதான் இன்றும் மின்தடைக்கு வழக்கமான காரணங்கள்.

ஆக, மின்கட்டமைப்பு என்பது நொடிக்கு நொடி சமநிலை பார்க்கும் ஒரு பெரிய எஞ்சின் அறை. அந்தச் சமநிலையைக் குலைக்க நினைப்பவனுக்கு எது வழி என்பதுதான் இனி வரும் கேள்வி.

'ஸ்மார்ட்' ஆனது எது?

முன்பெல்லாம் மாதம் ஒரு முறை மீட்டர் பார்ப்பவர் மோட்டாரில் வருவார். எண்ணைப் பார்த்து, கையிலிருக்கும் கருவியில் அடித்து, அங்கேயே பில்லைக் கிழித்துக் கொடுப்பார். மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் மாட்டிவரும் ஸ்மார்ட் மீட்டர் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை பயன்பாட்டைப் பதிவு செய்து, தானாகவே அனுப்பிவிடுகிறது.

மீட்டர் மட்டுமல்ல. துணைமின் நிலையங்களிலும் மின்சாரத்தை அளந்து சொல்லும் உணரிகளும், தூரத்திலிருந்து திறந்து மூடக்கூடிய பிரேக்கர்களும் வந்துவிட்டன. பிரேக்கர் என்பது மின்பாதையை இணைக்கும், துண்டிக்கும் பெரிய விசை. இவற்றையெல்லாம் ஒரே அறையில் திரைகளுக்கு முன் உட்கார்ந்து கண்காணிக்கவும் இயக்கவும் உதவும் மென்பொருள் அமைப்பை ஸ்காடா என்பார்கள்.

கரண்ட் போகும் பாதைக்குப் பக்கத்திலேயே தகவல் போகும் பாதையும் வந்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். பழைய எஞ்சின் அறைக்குள் புக வேண்டுமானால் கதவை உடைக்க வேண்டும். புதியதற்கு எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்தபடியே கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

சரி, பில் விஷயம். மீட்டர் அளக்கும் அலகு மாறவில்லை, கிலோவாட் மணிதான். எண்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவத்துக்கு மாற்றப்பட்டு, அனுப்பப்படுகின்றன. ஒரு வீட்டு மீட்டரை ஹேக் செய்து பில்லை ஏற்றுவதால் திருடனுக்கு ஒரு காசும் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் திரையில் எண் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால், பழைய குளிர்சாதனப் பெட்டியும் தண்ணீர் சூடேற்றியும் எவ்வளவு இழுக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

காரும் சார்ஜரும் பேசிக்கொள்வது

மின்சாரக் கார் இந்தக் கதையில் ஏன் முக்கியம்? அது கனமான சுமை, அதோடு தகவலும் பேசுகிறது. வீட்டில் மாட்டும் 7 கிலோவாட் சார்ஜர், ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஏழெட்டு ஒன்றாக ஓடுவதற்குச் சமம். நெடுஞ்சாலையில் இருக்கும் வேகச் சார்ஜர்கள் 50 கிலோவாட்டில் தொடங்கி 350 வரைகூடப் போகின்றன.

அடுத்த முறை வீட்டுச் சார்ஜரின் பிளக்கைக் கையில் எடுத்தால் அதன் முகத்தைக் கவனியுங்கள். நம் நாட்டில் பரவலாக உள்ள டைப் 2 பிளக்கில் ஏழு முனைகள். ஐந்து பெரியவை, மேல் வரிசையில் இரண்டு மட்டும் சிறியவை. கரண்ட் பெரியவற்றில் போகும். சிறிய இரண்டும் பேசுவதற்கு. அதில் ஒன்றின் வழியாகச் சார்ஜர் நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு மெல்லிய சைகையை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்து, "அதிகபட்சம் இத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம்" என்று கார் புரிந்துகொள்கிறது. தயாரானதும் அந்தச் சைகையின் மின்னழுத்தத்தைக் கார் கொஞ்சம் இறக்கிக் காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகே சார்ஜர் பெரிய முனைகளுக்குக் கரண்ட் விடும். பேச்சு முடியும்வரை பிளக்கில் உயிர் இல்லை. முறையாக மாட்டிய சார்ஜரில் மழைக்காலத்தில் சார்ஜ் போடப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த இரண்டு சிறு முனைகளில் உங்கள் வங்கிக் கணக்கு எண் ஓடுவதில்லை. ஆனால் பேச்சு அங்கே நிற்பதும் இல்லை. சார்ஜர் தன்னை நடத்தும் நிறுவனத்தின் கணினியோடு இணையம் வழியாகப் பேசுகிறது. அதற்கென்று உலகம் முழுக்கப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் பொது மொழி ஒன்று உண்டு, பெயர் ஓசிபிபி. அந்தக் கணினி உங்கள் கைப்பேசிச் செயலியோடும் பணம் செலுத்தும் வழியோடும் பேசுகிறது. சில இடங்களில் மின்கட்டமைப்பை நடத்துபவர்களோடும் பேசுகிறது. ஒவ்வொரு பேச்சும் ஒரு கதவு.

சுருக்கமாக, கேபிளைவிட அதற்குப் பின்னால் இருக்கும் இணையப் பேச்சில்தான் கவனம் தேவை. வங்கிக் கணக்கு பற்றிய பயத்தின் உண்மையான இடம் செயலியும் கியூஆர் குறியீடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தாக்குதல் நடந்தபோது என்ன ஆனது?

2015 டிசம்பர் 23 அன்று உக்ரேனில் நடந்ததை இந்தத் துறையில் எல்லாரும் பாடமாகப் படிக்கிறார்கள். மூன்று மின்விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களின் கண்ணெதிரே, திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து ஒவ்வொரு பிரேக்கராகத் திறந்தது. அதே நேரம் புகார் தொலைபேசி எண்ணுக்குப் பொய் அழைப்புகளைக் கொட்டி, உண்மையான வாடிக்கையாளர்கள் பேச முடியாதபடி செய்தார்கள்.

உள்ளே எப்படி வந்தார்கள்? மாதக்கணக்கில் முன்பே, அலுவலக ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல். அதில் ஓர் இணைப்புக் கோப்பு. திறந்ததும் மென்பொருள் உள்ளே குடியேறியது. பிறகு பொறுமையாகக் கடவுச்சொற்களைச் சேகரித்து, அலுவலகக் கணினியிலிருந்து கட்டுப்பாட்டு அறைவரை போய்ச் சேர்ந்தார்கள். மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள், வண்டி எடுத்துக்கொண்டு துணைமின் நிலையங்களுக்குப் போய்க் கையால் விசைகளைப் போட்ட தொழிலாளர்கள். சில மணி நேரத்தில் பெரும்பாலான இடங்களுக்கு கரண்ட் வந்துவிட்டது. எல்லாவற்றையும் தானியங்கியாக்கி, கையால் இயக்கத் தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்புவதை நான் ஆபத்தாகப் பார்ப்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும்.

சார்ஜர்களில் இதுவரை வெளியே தெரிந்தவை இவ்வளவு பெரியவை அல்ல. 2022-ல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் சில பொதுச் சார்ஜர்களின் திரையில், காட்ட வேண்டிய இணையப் பக்கத்துக்குப் பதில் ஆபாசத் தளம் தோன்றியது. அதே ஆண்டு ரஷ்யாவின் எம்11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் வேலை செய்யாமல் போய், திரையில் அரசியல் வாசகங்கள் ஓடின. பாகங்கள் தந்த உக்ரேனிய நிறுவனம் மென்பொருளில் விட்டுவைத்த ரகசியப் பின்வாசல் வழியாக அது நடந்ததாக அவற்றை நடத்திய நிறுவனம் சொன்னது.

உண்மையில் கவலைப்பட வைப்பது வேறு. 2018-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இணையத்தில் இணைந்த ஏர்கோன், சூடேற்றி போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளை ஒருவன் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றி, ஒரே நொடியில் எல்லாவற்றையும் போட்டால் என்ன ஆகும்? அதிர்வெண் சரிந்து மின்தடைவரை போகலாம் என்று அவர்களின் கணினிச் சோதனை காட்டியது. லயம் முழுக்க ஒரே நொடியில் விளக்குப் போட்டு அணைத்தால் எஞ்சின் என்ன பாடுபடுமோ அதுதான். இப்படிச் செய்ய எந்த மின் நிலையத்துக்குள்ளும் நுழையத் தேவையில்லை. ஒரு சார்ஜரால் ஒன்றும் ஆகாது, பல ஆயிரம் சார்ஜர்கள் ஒருவன் சொல் கேட்டு ஆடினால் ஆகும். ஒரே நிறுவனத்தின் சார்ஜர் எல்லாவற்றிலும் ஒரே ஓட்டை இருந்தால் அதற்கு வழி பிறக்கும்.

தாக்குதலே இல்லாமலும் இதன் சாயலைப் பார்க்கலாம். 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த கட்டண முறையில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை அதிகம், மற்ற நேரம் குறைவு. எல்லாரும் சார்ஜரின் டைமரைச் சரியாக இரவு 10:00 என்று வைத்தால், தாமான் முழுக்கக் கார்கள் ஒரே நிமிடத்தில் இழுக்கத் தொடங்கும். இதைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்க வைப்பதற்குத்தான் ஸ்மார்ட் சார்ஜிங் என்று பெயர். உங்கள் டைமரை 10:20 என்றோ 11:10 என்றோ வைத்தாலும் அதே உதவிதான்.

இயந்திரக் கற்றல் என்ன செய்கிறது?

எஞ்சின் அறை ஆளிடம் திரும்புவோம். பல வருடம் கேட்டுக் கேட்டு, எஞ்சினின் வழக்கமான சத்தம் அவர் காதில் பதிந்திருக்கும். ஒரு நாள் சத்தம் மாறினால், என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்பே "ஏதோ சரியில்லை" என்று எழுந்துவிடுவார். அவருக்கு யாரும் விதிமுறைப் புத்தகம் கொடுக்கவில்லை. கேட்டுப் பழகியதுதான் படிப்பு.

இயந்திரக் கற்றலும் அதுதான். கணினிக்கு விதிகளை எழுதித் தராமல், கடந்தகாலத் தரவுகளை ஏராளமாகக் கொடுத்து, அதிலிருந்து வழக்கத்தைத் தானே கண்டுபிடிக்க வைக்கும் முறை. ஏஐ என்று மக்கள் பேசுவதில் பெரும்பகுதி இதுவே.

மின்கட்டமைப்பில் அதற்கு முதல் வேலை, நாளைய தேவையைக் கணிப்பது. வெயில், மழை, விடுமுறை எல்லாவற்றையும் பார்த்து, நாளை பிற்பகல் 3 மணிக்கு எவ்வளவு தேவைப்படும் என்று சொல்லும். இரண்டாவது, வழக்கமீறலைக் கண்டறிவது, அதாவது இதுவரை பழகியதிலிருந்து விலகுவதைச் சுட்டிக்காட்டுவது. நள்ளிரவில் ஒரு சார்ஜர் நூறு முறை இணைப்புக் கேட்டால், அல்லது ஒரு ஊழியரின் கணக்கு வழக்கமில்லாத நேரத்தில் பிரேக்கருக்குக் கட்டளை அனுப்பினால், அது எச்சரிக்கும்.

மின்திருட்டைப் பிடிப்பதும் இந்த வகைதான். ஒரு வட்டாரத்து மின்மாற்றி கொடுத்த மொத்த மின்சாரத்தையும், அதன் கீழுள்ள வீட்டு மீட்டர்கள் காட்டும் எண்களின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். எந்தக் கட்டடம் என்று தேடும்போது இயந்திரக் கற்றல் உதவுகிறது. பிட்காயின் எனும் மின்னணுப் பணத்தைத் தோண்டும், அதாவது கணக்குப் போட்டு ஈட்டும், இயந்திரங்கள் இரவு பகல் பார்க்காமல் ஒரே அளவில் இழுக்கும், மனிதர்கள் வாழும் வீடு அப்படி இழுக்காது. 2021-ல் சரவாக்கின் மிரி நகரில், திருட்டு மின்சாரத்தில் ஓடியதற்காகப் பிடிபட்ட 1,069 இயந்திரங்களைச் சாலை போடும் உருளையால் நசுக்கிய காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

அதே திறமைக்கு மறுபக்கமும் உண்டு. தோட்ட வேலைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழும் வீடு எது, பகல் முழுக்க ஆளில்லாத வீடு எது என்பதெல்லாம் அரை மணிநேரத் தரவில் தெரியும். ஆகவே மீட்டர் தரவு யார் கையில், எவ்வளவு காலம், எதற்காக இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. பில்லை ஏற்றுகிறார்களா என்பதைவிட இதைத்தான் நாம் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அது எங்கே தடுமாறும்?

மூன்றாமவர் சொன்ன "அது பார்த்துக்கொள்ளும்" இங்கேதான் உடைகிறது. இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. வழக்கம், வழக்கமில்லாதது என்ற இரண்டுதான் தெரியும். தீபாவளிக்கு முந்தைய இரவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் விளக்கு, அடுப்படியில் முறுக்கு, கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்த கார்கள் வாசலில் சார்ஜில். தீபாவளி கொண்டாடாத வட்டாரத்தை மட்டும் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு இது தாக்குதல் போலவே தெரியலாம். எந்த ஊரின் தரவில் பழக்கினார்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 சார்ஜர்கள். மென்பொருள் ஒரு நாளில் நூற்றில் ஒன்றைத்தான் தவறாகச் சந்தேகிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தினமும் 100 பொய் எச்சரிக்கை. உண்மையான தாக்குதல் வருடத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம். நூறு முறை ஓடிப்போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பியவர், நூற்றொன்றாவது முறை எழுந்திருக்க மாட்டார். எச்சரிக்கை மென்பொருளை விற்பவர்கள் "99 சதவீதம் துல்லியம்" என்று சொல்லும்போது, தினமும் எத்தனை பொய் எச்சரிக்கை வரும் என்று கேட்க வேண்டும்.

ஏமாற்றவும் முடியும். பழக்கும் தரவிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யைக் கலந்தால், பொய்யே அதற்கு வழக்கமாகிவிடும். இன்னொன்று, அளவீடுகளை மாற்றுவது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஒன்றைக் காட்டினார்கள்: மின்கட்டமைப்பின் அமைப்பு தெரிந்த ஒருவன், பல உணரிகளின் எண்களை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்து மாற்றினால், தவறான அளவீட்டைப் பிடிக்க வைத்திருக்கும் வழக்கமான சோதனை அதைக் கவனிக்காது. இதற்குப் பொய்த்தரவு ஊடுருவல் என்று பெயர். கட்டுப்பாட்டு அறை எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும், கம்பியில் நடப்பது வேறாக இருக்கும்.

அதனால் இயந்திரக் கற்றலைப் பூட்டுக்கு மாற்றாக வைக்கக் கூடாது. பூட்டு என்பது மறையாக்கம், கடவுச்சொல், அலுவலக வலையையும் கட்டுப்பாட்டு வலையையும் பிரித்து வைப்பது, மென்பொருள் ஓட்டைகளை உடனுக்குடன் அடைப்பது. கூர்ந்து கேட்கும் காது அதற்கு மேல் கூடுதல் பலம். அது எழுப்பும்போது எழுந்து பார்க்கப் பயிற்சி பெற்ற மனிதரும் வேண்டும்.

சட்டமும் நம் வாசலும்

மலேசியாவில் 2024-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கிறது. நாட்டுக்கு இன்றியமையாத துறைகளில் எரிசக்தியும் ஒன்றாக அதில் இடம்பெற்றிருக்கிறது. அத்துறைகளில் பொறுப்பிலுள்ள நிறுவனங்கள் பாதுகாப்புச் சோதனைகள் நடத்த வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். பெரிய கதவுகளுக்கு இது.

சின்னக் கதவு நம்முடையது. பொதுச் சார்ஜரில் கியூஆர் குறியீட்டின் மேல் இன்னொரு குறியீட்டை ஒட்டி, போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோய் அட்டை விவரத்தைத் திருடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. நகத்தால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், மேலே ஒட்டியது தெரிந்தால் விட்டுவிடுங்கள். முன்பே நிறுவி வைத்த அதிகாரபூர்வச் செயலிக்குள்ளிருந்து தொடங்குவது இன்னும் பாதுகாப்பு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே வங்கியையும் 997 எண்ணையும் அழையுங்கள். அந்த எண் மோசடிகளுக்கான தேசிய மையம்.

வீட்டுச் சார்ஜரை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே மாட்ட வேண்டும். மாட்டிய அன்றே பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இதன் மென்பொருளுக்கு எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும்? இணையம் துண்டித்தாலும் சார்ஜ் ஆகுமா? விலை சில நூறு வெள்ளி குறைவு என்பதற்காக, முதல் கேள்விக்குப் பதில் இல்லாத சார்ஜரை வாங்காதீர்கள். அது பத்து வருடம் உங்கள் வாசலில் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கப் போகிறது.